துரியோதனனுக்கு ஒரு காலி இடம்

சித்திரை 20, செவ்வாய்

வெயில். மூன்று மலையும் அடுப்புக்கல் மாதிரி சுடுகிறது. நடுவில் செஞ்சி வேகிறது.

இது என் நோட்டு. மகள் ராஜாத்தி பஜாரில் வாங்கிக் கொடுத்தாள். இரவுப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லிவிட்டார், இனி நானே எழுதலாமாம். ஒரு வரி முடிவதற்குள் வாயில் போட்ட வெற்றிலை சக்கையாகிவிடுகிறது. 'ஞ' மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. மற்றதெல்லாம் என் கைக்குள்.

செய்தி: வைகாசி எட்டாம் தேதி என்னைக் கொல்கிறார்கள்.

எழுதிப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. என்னைக் கொல்கிறார்கள்.

வருடா வருடம்தான். திரௌபதி அம்மன் கோயில் மைதானத்தில் ஏரி மண்ணால் துரியோதனனைப் படுக்க வைப்பார்கள். ஆள் ஏறி ஓடலாம், அத்தனை பெரிய உருவம். அதன் மேலேயும் சுற்றியும் வேஷம் கட்டிய துரியோதனன் ஓடுவான். அது நான். கதாயுதத்தை ஓங்கிக்கொண்டு பீமன் துரத்துவான். அது ஏழுமலை, கடலை மில்லில் மூட்டை தூக்குகிறவன். தொடையில் அடி. மண்ணுக்குள் புதைத்த செந்நீர்ப் பானை உடையும். திரௌபதி கூந்தலை முடிவாள். ஊர் மூச்சு விடும். இதுதான் படுகளம்.

போன வருஷச் சாவுதான் இதுவரை செத்ததிலேயே சிறந்தது. மைக் வயர் ஏழுமலையின் கணுக்காலில் சுற்றி, அவன் கதையோடு என் மேல் விழுந்தான். முன்பல் போனது. நான் நிஜ ரத்தம் துப்பினேன். சனம் மைதானமே அதிரக் கத்தியது. அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் ரோமம் நிற்கிறது.

இன்று தருமகர்த்தா கூப்பிட்டு அனுப்பினார். தை மாதத்திலிருந்து என் தொண்டை சரியில்லை. கிழிந்த துருத்தி மாதிரி காற்றுதான் வருகிறது. ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, இன்னொரு தடவை கத்தினால் குரல் திரும்பாது என்றார். தருமகர்த்தா சொன்னது:

"முனுசாமி, கடைசி வரிசையில ஒக்காந்திருக்கிற பொம்பளைங்களுக்கு உன் பேச்சு கேக்கணும். கேக்கலன்னா வேஷம் கன்னியப்பனுக்கு."

கன்னியப்பன் ஏழுமலையின் தம்பி. கால் நல்ல கால். முகத்தில் கோபமே வராது. கடன் கேட்க வந்தவன் மாதிரி நிற்பான். அவனா துரியோதனன்!

வாங்க வேண்டியது: பேனா மை, வெற்றிலை, பனங்கற்கண்டு.


சித்திரை 23, வெள்ளி

காற்று இல்லை. புளிய மரம்கூட அசையவில்லை.

மருமகன் கோதண்டத்துக்கு பஜாரில் ரேடியோ ரிப்பேர், மைக் செட் வாடகைக் கடை. மரத்தில் ஏறி ஹாரன் கட்டுவது என் வேலை. (பெயரை முழுதாக எழுதினால் பொழுது போய்விடுகிறது. இனி கோ. என்றால் மருமகன். ஏ. என்றால் பீமன்.)

கோ. பேசாத ஆள். நேற்று முழுக்க ஒரு பழைய டிரான்சிஸ்டரைப் பிரித்துக்கொண்டே இருந்தான். இன்று காட்டினான். சோப்புப் பெட்டி அளவு. டார்ச் செல். ஒரு முனையில் மைக், இன்னொரு முனையில் தொங்குகிற ஒரு முழக் கம்பி.

"மாமா, இத இடுப்புல கட்டிக்கினு நீங்க ஓடுங்க. வயரே கெடையாது. அந்தாண்ட ஒரு ரேடியோவுல உங்க பேச்சு விழும். ரேடியோவ ஆம்ப்ளிபயர்ல சேத்துட்டா ஹாரன்ல வந்துடும். நீங்க முணுமுணுத்தா போதும்."

"அப்ப நானே ஒரு ரேடியோ ஸ்டேஷனா?"

"சின்ன ஸ்டேஷன்."

வாசலில் நின்று ஒரு முறை சுற்றி ஆடினேன். ராஜாத்தி உள்ளிருந்து பார்த்துவிட்டாள். "இன்னா நைனா, சாவறதுக்கு இம்மாஞ் சந்தோஷமா உனக்கு?"

ஆனால் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஸ்டேஷன் என்றால் முள் நிற்க ஓர் இடம் வேண்டும். சென்னை இருக்கும் இடத்தில் நான் பேசினால் சென்னையும் கெடும், நானும் கெடுவேன். காலி இடமாகப் பார்க்க வேண்டும்.

பெரிய ரேடியோவைத் தூக்கி வைத்தான். கண்ணாடியில் இருக்கும் எண்களை நீங்களே படியுங்கள் மாமா என்றான். படித்தேன்! முள்ளைத் திருப்பத் திருப்பச் சத்தமாகப் படித்தேன். பக்கத்துக் கடைச் செட்டியார் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.


சித்திரை 27, செவ்வாய்

மேகம் வந்தது, ஏமாற்றிவிட்டுப் போனது.

இடம் தேடுவது எப்படி என்றால், நாங்கள் செய்தது:
காலையில் கேட்பது.
உச்சியில் கேட்பது.
விளக்கு வைத்ததும் கேட்பது.
யாராவது பேசினால் அந்த எண்ணை அடிப்பது.

அடிப்பது என் பொறுப்பு. எழுதியதை அடிப்பதில் எழுதுவதைவிட ருசி. உச்சி வெயிலில் காலியாகக் கிடக்கும் இடத்தில் பொழுது சாய்ந்ததும் சிலோன்காரன் வந்து உட்காருகிறான். இன்னோர் இடத்தில் சீனாக்காரன். யாரென்று தெரியாத ஒரு பெண் அழுவது போலப் பாடுகிறாள். அடித்துக்கொண்டே போனேன். கடைசியில் ஷார்ட் வேவில், 41க்கும் 49க்கும் நடுவில், ஒரு மயிரிழை. எப்போது போனாலும் இரைச்சல் மட்டும். பேச்சே இல்லை. என் இடம்.

தபால் ஆபீசில் ரேடியோ லைசென்ஸ் கட்டப் போன கோ. அங்கேயே கேட்டிருக்கிறான். கேட்பதற்கு லைசென்ஸ் இங்கே, பேசுவதற்கு லைசென்ஸ் டெல்லியில் என்றார்களாம். எழுதிப் போட்டால் எப்போது வரும்? திருவிழா முடிந்து, அடுத்த திருவிழாவும் முடிந்து.

"காத்துல பேசறதுக்குக்கூட சர்க்காரைக் கேக்கணுமா? நான் பொறந்ததுலேர்ந்து காத்துலதான் பேசறேன்" என்றேன்.

கோ. சிரிக்கவில்லை. பாகிஸ்தான் சண்டைக்குப் பிறகு வயர்லெஸ் என்றால் போலீஸ் விறைக்கிறது என்றான். ஆனாலும் காலி இடம்தானே, யாருக்கும் இடைஞ்சல் இல்லையே என்று அவனே சமாதானமும் சொல்லிக்கொண்டான். எனக்காகத்தான். எனக்குத் தெரியும்.


சித்திரை 29, வியாழன்

அருமையான சண்டை.

ஏ. கடைக்கு வந்தான். மில்லிலிருந்து நேராக, உடம்பெல்லாம் கடலைத் தூசு. பெட்டியைப் பார்த்தான்.

"யோவ் கெழவா, இனிமே பொட்டி பேசுமா, நீ பேசுவியா? நான் பொட்டிய அடிக்கணுமா, உன்ன அடிக்கணுமா?"

"உன் தம்பியக் கேளு. பேச்சே வராத தடியன், அவனுக்குத்தான் பொட்டி வேணும்."

"என் தம்பியப் பத்திப் பேசாத."

"தம்பியா அது? மில்லுல இருந்து நீ தூக்கிக்கினு வந்த மூட்டைன்னு நெனச்சேன்."

கையை நீட்டி மைக்கைப் பிடுங்கினான். ஹாரன் கட்டும் இரும்புப் பட்டை என் கையில் இருந்தது. அவன் புருவத்தில் விழுந்தது. பிளந்தது. அவன் என் வயிற்றில் தலையால் முட்டினான். இரண்டு பேரும் செட்டியார் கடைப் புளி மூட்டை மேல். அவன் கழுத்தைப் பிடித்தான், நான் காதைக் கடித்தேன். இருக்கிற பல்லுக்கு அதுதான் முடிந்தது. ராஜாத்தி ஒரு குடம் தண்ணீரை எங்கள் மேல் கவிழ்த்தாள், தெரு நாய்களைப் பிரிக்கிற மாதிரி.

"வெக்கமா இல்ல ரெண்டு பேருக்கும்? வேஷம் கட்டாமலே இந்தக் கூத்து!"

இல்லை. வெட்கம் இல்லை. விலா வலிக்கிறது. மூச்சு விட்டால் குத்துகிறது. எழுதும்போது சிரிப்பு வந்து இன்னும் வலிக்கிறது.


வைகாசி 1, ஞாயிறு

சாயங்காலம் தூறல், மண் வாசனையோடு நின்றது.

மைதானத்தில் பரீட்சை. தருமகர்த்தா, ஊர்ப் பெரியவர்கள். கடைசி வரிசைக்கு என்று ராஜாத்தியையும் நாலு பெண்களையும் ஏரிக்கரையில் உட்கார வைத்தார்கள். நான் மண் மேட்டுக்கு மறுபுறம். வயர் இல்லை. வெறும் ஆள். முணுமுணுத்தேன், ஆனால் துரியோதனன் முணுமுணுப்பு:

"டேய் பீமா. ஒளிந்தேன் என்று நினைக்காதே. வெளியே வருவேன். உன் குடலை உருவி என் தேருக்குக் கயிறு திரிப்பேன். இன்று பொழுது சாய்வதற்குள் உன் வம்சத்தில் அழ ஆள் வைக்க மாட்டேன்."

ஹாரன் நாலும் சேர்ந்து அதைச் சொல்லின. என் குரல்! பழைய குரல்! கரையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து ஓடியே விட்டாள்.

"வேஷம் உனக்குத்தான்யா" என்றார் தருமகர்த்தா.

வீட்டுக்கு வந்து பொட்டுக்கடலையும் வெல்லமும். தூக்கம் வரவில்லை.


வைகாசி 3, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

போன திருவிழாக் கூட்டத்தில் அடிதடியாகி நாலைந்து மண்டை உடைந்ததால் இந்த வருஷம் வெளியூரிலிருந்து போலீஸை அனுப்பியிருக்கிறார்கள். கோட்டை அடிவாரத்தில் கூடாரம், வயர்லெஸ் வண்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வந்து இறங்கியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கண்டுபிடித்த அந்த மயிரிழை அவர்கள் பேசுகிற இடம். நாங்கள் கேட்ட நாளெல்லாம் அவர்கள் இங்கே இல்லை. அதனால் இரைச்சல். அதனால் காலி.

ஞாயிறு சாயங்காலம் அவர்கள் பெட்டியில் ஒருவன் குடலை உருவுவேன், வம்சத்தையே அழிப்பேன் என்று சொல்லியிருக்கிறான். பாதி ராத்திரி வரை ராஜகிரி மலை மேல் கொலைகாரனைத் தேடி ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஒரு போலீஸ்காரன் படியில் சறுக்கி முழங்கால் பெயர்ந்துவிட்டது. நேற்று யாரோ மைக் கடையைக் காட்டிக் கொடுத்தார்கள்.

இன்று காலை ஏட்டு வந்தார். கோ. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ரேடியோவுக்கு ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். எழுந்து நிற்கக்கூட விடவில்லை. இடது காதோடு சேர்த்து ஒரே அறை. ஸ்டூலோடு கீழே. பிறகு பூட்ஸ். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டைக்குள் போனது. நான் பாய்ந்தேன். லத்தி என் முழங்கால் எலும்பில். விழுந்தேன். இன்னொரு முறை. இன்னொரு முறை.

அடி எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில், சும்மா கிடந்த நிலம் என்று ஒரு வரப்போரம் மாட்டைக் கட்டினேன். நிலத்துக்காரன் வந்து புளிய விளாரால் முதுகை உரித்தான். கூத்திலும் அடிதான். ஆனால் கூத்தில் அடிக்கு முன்னால் ஒரு வசனம் உண்டு. எதற்கு அடிக்கிறேன் என்று பீமன் சொல்லிவிட்டுத்தான் அடிப்பான். இவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கோ.வையும் பெட்டியையும் வண்டியில் ஏற்றிப் போனார்கள்.


வைகாசி 4, புதன்

வெயில். கால் வீங்கி வாழைத்தண்டு போல.

ராஜாத்தியும் நானும் கூடாரத்துக்குப் போனோம். நான் கம்பு ஊன்றி. கடலூரிலிருந்து வயர்லெஸ் ஆபீசர் வந்திருந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி. பெட்டியைத் திறந்து வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார், பிடித்த பலகாரத்தைப் பார்ப்பது போல.

"இத செஞ்சது யாரு?"

"நீங்க காதக் கிழிச்சி உக்கார வச்சிருக்கீங்களே, அவருதான்" என்றாள் ராஜாத்தி.

ஏட்டு, "ஏய்!" என்றார். ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்க பேசக்கூடாதுன்னு அடிச்சிட்டீங்க. சரி. எங்க பேசலாம்னு சொல்லுங்க சாமி. அங்க வச்சிக்கிறோம்" என்றாள் என் மகள்.

ஆபீசர் ஒரு பெரிய தாளை விரித்தார். கோடு கோடாக. இது கப்பலுக்கு, இது விமானத்துக்கு, இது பட்டாளத்துக்கு, இது போலீசுக்கு, இது ரேடியோவுக்கு.

"பெரியவரே, நீங்க எல்லா நேரமும் கேட்டீங்க, சத்தம் இல்ல, அதனால காலின்னு நெனச்சீங்க. பேசாம இருக்கறவனுக்கும் அந்த எடம் சொந்தம். கப்பல் முழுகும்போது மட்டும் பேசற எடமும் இதுல இருக்குது. அங்க நீங்க உக்காந்திருந்தா?"

எனக்கு உடனே புரிந்தது. வரப்பும் மாடும்.

"அப்போ எனக்குன்னு இதுல ஒரு எடம்?"

தாளை மேலிருந்து கீழே வரை உண்மையாகவே தேடினார். "லைசென்ஸ் இல்லாம ஒண்ணும் இல்ல. டெல்லிக்கு எழுதிப் போடுங்க. நான் சிபாரிசு பண்றேன். அதுவரைக்கும் வயர்ல பேசுங்க. வயர்ல எவனும் உங்கள ஒண்ணும் கேக்க முடியாது."

கோ.வை விட்டார்கள். பெட்டியை விடவில்லை. நடந்து வரும்போது ராஜாத்தி அவனுக்கு இடப்பக்கம் நின்று பேசினாள். அவன் திரும்பவில்லை. வலப்பக்கம் மாறிக்கொண்டாள். ஒன்றும் கேட்காமல் மாறிக்கொண்டாள். அதைப் பார்த்ததிலிருந்து அந்த ஏட்டின் கழுத்து என் கைக்குள் இருப்பதாகவே இருக்கிறது.


வைகாசி 6, வெள்ளி

மண் துரியோதனன் ஏறக்குறைய முடிந்துவிட்டான். மீசை நன்றாக வந்திருக்கிறது.

வயரோடு ஓட முடியாது, போன வருஷமே பார்த்தாயிற்று. வயர் இல்லாமல் பேச முடியாது. வேஷம் கன்னியப்பனுக்கு என்று தருமகர்த்தா ஆள் அனுப்பிவிட்டார். கிரீடத்தைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தேன், கொடுத்தனுப்ப.

பொழுது சாயும்போது ஏ. வந்தான். புருவத்தில் தையல். கிரீடத்துக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். உட்கார்ந்தான். வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டான்.

"யோவ். என் தம்பிய அடிக்க எனக்குக் கை வர மாட்டேங்குது. ஒத்திகையில ஓங்கினேன், அழுவறான்."

"அதுக்கு?"

"உன்னத்தான் நல்லா அடிக்க வருது." வெற்றிலையை மென்றான். "ராசாவுக்குத் தலைக்கு மேல கொடை உண்டா இல்லையா?"

"உண்டு."

"கொடை இல்லாமலா யுத்தத்துக்கு வருவான்? கொடை புடிக்கறவன் பின்னாலயே ஓடட்டும். மைக்க கொடையில தொங்க வுடு. வயரு மூங்கில் வழியா மேல போவட்டும், தலைக்கு மேலயே புளிய மரத்துக்குப் போவட்டும். என் கால்ல எப்பிடிச் சுத்தும்?"

கோ. வலது காதைத் திருப்பி வைத்து இதைக் கேட்டான். எழுந்து போய் மூங்கிலை எடுத்து வந்தான்.

"கொடை யாரு புடிக்கறது?" என்றேன்.

"என் தம்பிதான். ஓடறதுக்கு அவனுக்குக் கால் இருக்குது. தருமகர்த்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவன் போகும்போது என் கன்னத்தில் தட்டினான். கொஞ்சம் பலமாகவே.


வைகாசி 10, செவ்வாய்

இப்போதுதான் உட்கார முடிகிறது. மெதுவாக எழுதுகிறேன். நேரம் நிறைய இருக்கிறது.

ஞாயிறு. படுகளம். மைதானம் நிறைந்து ஏரிக்கரை வரை தலை. அந்த ஏட்டும் பந்தோபஸ்துக்கு நின்றார். வீங்கிய முழங்காலைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு, நான் அவரைப் பார்த்துக்கொண்டே கிரீடம் கட்டிக்கொண்டேன்.

கன்னியப்பன் குடையோடு பின்னால். நான் திரும்பினால் திரும்பினான், குதித்தால் குதித்தான். வயர் ஆகாயத்தில் பாம்பு போல. முணுமுணுத்தால் போதும் என்று கோ. படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். பாதி வரை முணுமுணுத்தேன். அதன் பிறகு ஏ. அந்தப் புருவத்தோடு, அந்தத் தையலோடு, எதிரே வந்து நின்று, "குளத்துக்குள்ள ஒளிஞ்ச கோழையே, வெளிய வாடா!" என்றான். நான் ஏட்டைப் பார்த்தேன். கோ.வின் காதை நினைத்தேன். முணுமுணுக்கிற நேரமா அது?

கத்தினேன்.

தொண்டைக்குள் துணி கிழிகிற மாதிரி ஒன்று. பாதி வசனத்தில் எல்லாம் நின்றுபோனது. வாய் அசைகிறது, ஒன்றும் வரவில்லை. ஏ. அதைப் பார்த்தான். அவன் கதை நடு ஆகாயத்தில் நின்றது. மிருதங்கம் நின்றது.

மரத்தடியில் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் கோ. அவனுக்கு இப்போது ஒரு காது கேட்காது. மாமா பேசிக்கொண்டுதான் இருக்கிறார், எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டான். சத்தத்தைக் கடைசி வரை திருப்பிவிட்டான்.

அப்போது வந்தது என் மூச்சு. ஹாரன் நாலிலும். தண்ணீருக்கடியில் ஒளிந்திருக்கிறவனின் மூச்சு. இழுத்து, அடைத்து, விட்டு. மைதானத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. ஏரிக்கரையில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள் என்று ராஜாத்தி பிறகு சொன்னாள். நான் ஓடினேன். மூச்சும் ஓடியது. மண் துரியோதனன் மார்பில் ஏறினேன், அவன் தொடைக்கு வந்தேன், திரும்பி நின்று நெஞ்சைக் காட்டினேன். ஏ. அடித்தான். கடவுளே, எப்படி அடித்தான்! பானை உடைந்தது. கிடந்தபடியே மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி. நிறுத்தினேன்.

திரௌபதி கூந்தலை முடிந்தாள். அப்போது எழுந்தது பார் ஒரு சத்தம். மலை மூன்றும் திருப்பிச் சொன்னது.

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதற்காக அவரை மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

குரல் போய்விட்டது. டாக்டர் சொன்னது சரி. ராஜாத்தி ஒரு நாள் முழுக்க அழுதாள், பிறகு சிலேட்டு ஒன்று வாங்கி வந்து மடியில் போட்டாள். அதில் முதலில் எழுதியது 'சோறு'. உடனே வந்தது! மகிழ்ச்சியில் 'குழம்பு' என்றும் எழுதினேன்.

இன்று காலை ஏ. பார்க்க வந்தான். வாழைப்பழச் சீப்பு. எதிரே உட்கார்ந்து என் தொடையில் கன்றிக் கறுத்திருக்கும் இடத்தைப் பார்த்துத் தலை குனிந்தான். நான் சிலேட்டில் எழுதி நீட்டினேன். வாங்கினான். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"ராசாத்தி, கெழவன் இன்னா எழுதிக்கிறான்?"

அவள் படித்தாள். "அடுத்த வருஷமும் கொல்ல வருவியா, இல்ல பயந்துட்டியா."

ஏ. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிப்பா, வேறா, தெரியவில்லை. பிறகு அவளிடமே சொன்னான். "கொல்றேன்னு சொல்லு. கண்டிப்பா கொல்றேன்னு சொல்லு உன் நைனாகிட்ட."

சிலேட்டைப் பிடுங்கி எழுதினேன்: எனக்குக் காது கேட்கும், என்னிடமே சொல்லடா.

அதையும் தலைகீழாகத்தான் பிடித்தான்.